சாலைக்கு அடியில் ஓடையை மீட்பது: வாஷிங்டன் மாநிலக் குழாய்ப் பாலங்கள்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் பியூஜெட் சவுண்ட் என்ற கடல்கழி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காடுகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் எண்ணற்ற சிற்றோடைகள் அதில் வந்து சேர்கின்றன. பல ஓடைகள் பத்துப் பதினைந்து அடி அகலம்தான். கோடையில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது. ஆனாலும் கடலில் வளர்ந்த சால்மன் முட்டையிட ஏறிவருவது இவற்றில்தான். கோஹோ வகைச் சால்மனின் குஞ்சு ஓராண்டுக்கு மேல் இந்த ஓடைகளிலேயே வளர்ந்து, அதன் பிறகுதான் கடலுக்கு இறங்கும்.

சென்ற நூற்றாண்டில் நெடுஞ்சாலை போட்டவர்கள் இந்த ஓடைகளின் குறுக்கே மண்கரை கொட்டி, அடியில் ஒரு குழாயை வைத்துவிட்டுப் போனார்கள். மழைத் தண்ணீரை அந்தப் பக்கம் தள்ளுவது மட்டுமே குழாயின் வேலை. 1997-இல் மாநில மீன் துறையும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து சட்டமன்றத்துக்குத் தந்த அறிக்கை, மாநில நெடுஞ்சாலைக் குழாய்கள் 249 மைல் நீள ஓடைகளை மீனுக்கு அடைத்து வைத்திருப்பதாகக் கணக்குக் காட்டியது.

மற்ற மாநிலங்களில் இப்படிப்பட்ட அறிக்கை அலமாரிக்குப் போயிருக்கும். வாஷிங்டனில் போகவில்லை, காரணம் ஒரு பழைய ஒப்பந்தம். 1854, 1855-ஆம் ஆண்டுகளில் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் தொல்குடிகளிடம் நிலத்தை எழுதி வாங்கினார். அவர்கள் வழக்கமாக மீன் பிடித்த இடங்களில் தொடர்ந்து பிடிக்கும் உரிமை அந்த ஒப்பந்தங்களிலேயே இருக்கிறது. பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுக்கு என்று 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். ஏறிவர வழியில்லாமல் மீனே இல்லாது போனால் அந்தப் பாதிக்கு என்ன பொருள் என்ற கேள்வியோடு 21 தொல்குடிகளும் மத்திய அரசும் 2001-இல் மாநிலத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். நீதிபதி ரிக்கார்டோ மார்ட்டினெஸ் 2013 மார்ச் 29 அன்று தடையாணை பிறப்பித்தார். 2018 ஜூன் 11 அன்று உச்ச நீதிமன்றம் 4-க்கு 4 எனப் பிரிந்ததால் ஆணை அப்படியே நின்றது. முன்பு கீழ் நீதிமன்றத்தில் இதே வழக்கின் ஒரு கட்டத்தில் அமர்ந்திருந்த நீதிபதி கென்னடி விலகிக்கொண்டதுதான் எண்ணிக்கை எட்டானதற்குக் காரணம்.

ஆணையில் பொறியாளருக்கு வேண்டிய பகுதி சின்னது. ஓடையில் தனக்கு மேற்புறம் 200 மீட்டருக்குக் குறையாத வாழிடத்தை அடைத்திருக்கும் நெடுஞ்சாலைக் குழாய்கள்தான் குறி. அடைபட்ட வாழிடத்தில் 90 சதவீதத்தை 2030-க்குள் திறந்துவிட வேண்டும். எப்படி என்பதற்கும் முன்னுரிமை வரிசை உண்டு: சாலை ஓடையைக் கடக்காமலே விட முடியுமா என்று முதலில் பார், முடியாதென்றால் முழு அகலப் பாலம், அதுவும் இயலாதபோது ஓடையைப் போலவே படுகை அமைத்த பெருங்குழாய். பழைய குழாய்க்குள் தடுப்புக் கட்டை பொருத்துவது இந்த வரிசையிலேயே இல்லை.

மீன் எங்கே தோற்கிறது

நான்கு அடி விட்டமுள்ள வட்டக் குழாய், 2 சதவீதச் சரிவில், பாதி நிறைய ஓடுகிறது என்று வையுங்கள். நீரோட்ட வேகத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் போட்டால், அலைத்தகட்டுக் குழாயில் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 9 அடி வரும். வழவழப்பான கான்கிரீட் என்றால் 17 அடியைத் தாண்டும். மாநிலத்தின் பழைய நீரியல் விதிப்படி 10 முதல் 60 அடி நீளக் குழாயில் சினூக், கோஹோ, ஸ்டீல்ஹெட் போன்ற வளர்ந்த பெருமீன்களுக்கான உச்ச வேகமே விநாடிக்கு 6 அடிதான். நீளம் 60-ஐத் தாண்டினால் 5. 100-ஐத் தாண்டினால் 4. 200-க்கு மேல் 3. மீனால் முழு வேகத்தில் சில விநாடிகளே நீந்த முடியும் என்பதால்தான் குழாய் நீள நீள வரம்பு இறங்குகிறது. ட்ரவுட் மீனுக்கு இதே வரம்பு 4-இல் தொடங்கி 2-இல் முடியும். விரல் நீளக் குஞ்சுக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. இலையுதிர் காலத்தில் பெரிய ஆற்றின் வெள்ளத்துக்கு ஒதுங்கப் பக்கத்து ஓடைகளைத் தேடி ஏறுவதோ அந்தக் குஞ்சுதான்.

வேகம் ஒரு தடை என்றால், அந்த வேகம் உண்டாக்கும் பள்ளம் இரண்டாவது தடை. ஒடுங்கிய குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் வாய்க்குக் கீழே தரையைத் தோண்டுகிறது. வருடங்கள் போகப்போகப் படுகை இறங்கி, குழாய் வாய் அந்தரத்தில் தொங்கும். 0.24 மீட்டருக்கு மேல் நீர்மட்டம் விழுந்தால் தடை என்று மாநிலம் பதிவு செய்கிறது. ஒரு முழங்கூட இல்லாத உயரம் அது! மூன்றாவது, கோடையில் குழாயின் தட்டையான அடியில் தண்ணீர் படலமாகப் பரவி, மீனின் முதுகு வெளியே தெரியும்.

சாலைக்கும் இந்தக் குழாய் நல்லதல்ல. நாகப்பூச்சுத் தகட்டில் முதலில் போவது அடித்தட்டு. சரளை உராய்ந்து பூச்சு தேய, துருவேறி ஓட்டை விழும். பிறகு தண்ணீர் குழாய்க்குள் ஓடாமல் குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே வழி பிடித்துக்கொண்டு மண்ணை அரித்துக் கொண்டுபோகும். மேலே தார்ச்சாலையில் லேசான தாழ்வு தெரியும்போது அடியில் பொந்து பெரிதாகியிருக்கும். ஒரு பெரிய மரக்கட்டை வந்து வாயை அடைத்தால் மண்கரை அணையாக மாறி, மேலே வழிந்து, கரையோடு சாலையும் போய்விடும்.

ஒட்டுவேலை எவ்வளவு செய்தாலும் இது தீராது என்பது வாஷிங்டனில் பலமுறை தெரிந்த விஷயம். உள்ளே தடுப்புக் கட்டை வைத்தால் வேகம் குறையும், ஆனால் அதே கட்டை குச்சியையும் கல்லையும் பிடித்து வைக்கும். வாயில் மரத்தடுப்புப் படிகள் கட்டினால் அடுத்த வெள்ளத்தில் ஒரு படி சரிந்து, அடுத்த படிக்கு உயரம் இரட்டிப்பாகும். ஆளனுப்பிச் சுத்தம் செய்துகொண்டே இருந்தால்தான் இவை வேலை செய்யும். அந்த ஆளும் பணமும் நீண்ட காலம் நிலைப்பது அரிது.

அகலத்தை ஓடையிடம் கேட்பது

பழைய முறையில் 25 ஆண்டு வெள்ளமோ (சராசரியாக 25 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம்) 50 ஆண்டு வெள்ளமோ எவ்வளவு என்று கணக்கிட்டு, அதைக் கடத்தும் மிகச் சிறிய குழாயைத் தேர்ந்தெடுப்பார்கள். புதிய முறையில் முதலில் கேட்பது ஓடையின் சொந்த அகலத்தை. கரை நிரம்பித் தண்ணீர் பக்கத்து நிலத்தில் வழியத் தொடங்கும் மட்டத்தில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள தூரம் அது. கரைமட்ட அகலம் என்று வைத்துக்கொள்வோம். செடிகள் நிலையாக வேர்பிடிக்கும் வரி, மணல் திட்டின் மேல்முனை, கரையின் சாய்வு திடீரென மாறும் இடம் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் அந்த மட்டத்தைக் குறிப்பார்கள். பழைய குழாயின் பாதிப்பு எட்டாத இடத்தில், பல குறுக்குவெட்டுகளில் எடுக்க வேண்டும். வாய்க்குக் கீழே உள்ள பள்ளத்தில் அளந்தால் அகலம் அதிகமாகவும், மேலே மண் தேங்கிய இடத்தில் அளந்தால் பொய்யாகவும் வரும்.

மாநில மீன் துறையின் 2013 வழிகாட்டியில் சூத்திரம் எளிது: உள்ளே படுகையின் அகலம் = கரைமட்ட அகலம் × 1.2 + 2 அடி. 15 அடி வரை அகலமுள்ள ஓடைகளுக்கு இது பொருந்தும். அதற்கு மேல் பாலம்தான். குழாய்க்குள் படுகையின் சரிவு, மேலே உள்ள இயற்கைச் சரிவைப்போல் 1.25 மடங்குக்கு மேல் போகக்கூடாது. குழாயின் உயரத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை படுகைக்குள் புதைந்திருக்க வேண்டும்.

10 அடி ஓடைக்குக் கணக்குப் போட்டால் படுகை 14 அடி வேண்டும். வட்டக் குழாயை 40 சதவீதம் புதைக்கும்போது, அந்த மட்டத்தில் கிடைக்கும் அகலம் விட்டத்தில் 98 சதவீதம். ஆகவே 14.5 அடி விட்டம் போதும். புதைவது 5.8 அடி, மேலே திறந்திருப்பது 8.7 அடி. இதே குழாயை 30 சதவீதம் மட்டும் புதைத்தால் அகலம் 92 சதவீதமாகச் சுருங்கும், 15.3 அடிக் குழாய் தேவைப்படும். தோண்டும் ஆழத்தைக் குறைக்கப் பார்த்து, குழாய் விலையில் அதைக் கொடுக்கும் இந்த விசித்திரத்தைப் பல மதிப்பீடுகளில் பார்க்கலாம். பழைய நான்கடிக் குழாயின் திறப்பு 12.6 சதுர அடி. புதியதில் படுகைக்கு மேலே 103 சதுர அடி. எட்டு மடங்கு. வெள்ளத்தைத் தனியாகக் கணக்கிட்டே இருக்க வேண்டாம் போலத் தோன்றும், ஆனால் கணக்கிடுவார்கள். 100 ஆண்டு வெள்ளத்தின் நீர்மட்டத்துக்கு மேல், 8 அடிக்குக் குறைந்த ஓடையில் ஓரடி, 8 முதல் 15 அடி வரை இரண்டடி, அதற்கு மேல் மூன்றடி இடைவெளி விட வேண்டும் என்பது போக்குவரத்துத் துறையின் விதி. மிதந்துவரும் மரம் தலையில் இடிக்காமல் போகவே இந்த இடம்.

இந்த அகலம் வீண் செலவு என்று வாதிடுவோருக்கு வெர்மான்ட் மாநிலம் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் அங்கே சாலைகளையும் பாலங்களையும் சின்னாபின்னப்படுத்தியது. கிரீன் மவுண்டன் தேசியக் காட்டில் இதே ஓடைப் படுகை முறையில் ஏற்கெனவே மாற்றியிருந்த கடவைகள் தப்பின.

நீள்வெட்டு எடுக்காதவர் வேலையைத் தொடக்கூடாது

அகலத்தைவிட ஆபத்தான விஷயம் உயரம். பழைய குழாய் பல ஆண்டுகளாக ஓடைக்கு ஒரு படிக்கட்டு போல இருந்திருக்கும். மேலே மண் சேர்ந்து படுகை உயர்ந்திருக்கும், கீழே அரித்துத் தாழ்ந்திருக்கும். குழாயை எடுத்ததும் இந்த இரண்டு மட்டமும் ஒன்றையொன்று தேடும். மேல் படுகை அரிபட்டு, அரிப்பு ஓடை வழியே மேல்நோக்கி நகரும்.

ஆகவே ஓடையின் அகலத்தைப்போல் குறைந்தது இருபது முப்பது மடங்கு தூரத்துக்கு இருபுறமும் ஓடையின் ஆழ்கோட்டில் லெவல் எடுத்து நீள்வெட்டு வரைய வேண்டும். ஒவ்வொரு குளத்தின் அடி, ஒவ்வொரு கல்வரிசையின் முகடு, படுகையைக் கட்டிப்பிடித்திருக்கும் ஒவ்வொரு பெருமரம் எல்லாம் அதில் வர வேண்டும். மேலும் கீழும் பாதிக்கப்படாத பகுதிகளை ஒரே கோட்டால் சேர்த்தால், அந்தக் கோட்டுக்கும் இப்போதைய படுகைக்கும் உள்ள இடைவெளிதான் இனி அரிபடப்போகும் மண். அது ஒரு சில லாரி அளவு என்றால் விட்டுவிடலாம், ஓடையே கழுவிக்கொள்ளும். ஐந்தடி இறங்கும் என்றால் யோசிக்க வேண்டும். மேலே எரிவாயுக் குழாயோ சாக்கடைக் குழாயோ படுகைக்கு அடியில் குறுக்கே போகிறதா? அடுத்த சாலையின் குழாய் இப்போது சரியாக இருந்தாலும், படுகை இறங்கியபின் அதுவும் தொங்குமா? மண்கரைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் சதுப்பு உருவாகி, தவளையும் பறவையும் குடியேறியிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு எளிய விடை கிடையாது. மீனுக்கு வழிவிட்டால் சதுப்பு வடியும். இரண்டையும் காக்க, படுகையில் மரத்தடியும் பாறையும் புதைத்து இறக்கத்தைப் பல சிறு படிகளாகப் பிரிக்கிறார்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டியது கீழே இருப்பவர்கள். ஒடுங்கிய குழாய் இத்தனை நாள் வெள்ளத்தைப் பிடித்து மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. திறந்துவிட்டால் கீழே தாழ்ந்த வீட்டுக்கு முன்னைவிடச் சீக்கிரம் தண்ணீர் போகலாம்.

படுகைக் கலவை

வேலையில் அதிகம் கெடுவது இங்கேதான். மேலே நல்ல பகுதி ஒன்றைத் தேர்ந்து, ஓடையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, கால் முனையில் படும் கல்லைப் பார்க்காமலே எடுத்து, நடு அச்சை, அதாவது நீளத்துக்கும் தடிமனுக்கும் இடைப்பட்ட அகலத்தை, அளந்து எழுதுவார்கள், நூறு கல். நூறில் 84 கல் எந்த அளவுக்குக் கீழே வருகிறதோ அது டி84. அதிலிருந்து மற்ற அளவுகளை வழிகாட்டி தருகிறது: டி84-ஐ டி100-ஆல் வகுத்தால் 0.4, டி50-ஆல் வகுத்தால் 2.5, டி16-ஆல் வகுத்தால் 8. டி84 பத்து சென்டிமீட்டர் என்றால், மிகப் பெரிய கல் 25 சென்டிமீட்டர், நடுத்தரம் 4 சென்டிமீட்டர், டி16 என்பது 1.25 சென்டிமீட்டர். இவற்றோடு மணலும் வண்டலும் 5 முதல் 10 சதவீதம் சேர வேண்டும்.

அந்த 5-10 சதவீதம்தான் உயிர்நாடி. குவாரியிலிருந்து வரும் சரளை கழுவிச் சலித்து வரும். கட்டட வேலைக்கு அது நல்ல சரளை, ஓடைக்கு ஆகாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே துகள் இல்லாவிட்டால் கோடைத் தண்ணீர் முழுவதும் கற்களுக்கு அடியில் இறங்கிவிடும். குழாயின் மேல்வாயில் ஓடை மறைந்து கீழ்வாயில் மறுபடி தோன்றும். கோடி கோடியாகச் செலவிட்டு ஒரு புதிய தடையைக் கட்டியதாகவே ஆகும். உடைத்த கூர்க்கல்லைப் போட்டாலும் இதே கதை. உருண்ட ஆற்றுக்கல்தான் நெருக்கமாகப் படியும்.

அளவும் கொஞ்சநஞ்சமல்ல. மேலே சொன்ன 14.5 அடிக் குழாய் 80 அடி நீளம் என்றால், உள்ளே நிரப்ப 4,900 கன அடிக்கு மேல் வேண்டும். நம் ஊர்க் கணக்கில் 49 யூனிட். மூடிய குழாய்க்குள் இதைச் சிறு வண்டியாலும் கன்வேயராலும் தள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே மூன்று பக்கம் மட்டும் உள்ள முன்வார்ப்புக் கான்கிரீட்டையோ, இரண்டாகப் பிரித்த பெட்டியையோ பலர் விரும்புகிறார்கள். படுகையைத் திறந்தவெளியில் பொக்லைனால் அமைத்து முடித்து, பிறகு மூடியை கிரேனால் இறக்கலாம். அடியில்லாத அமைப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு: இரு பக்க அடித்தளமும் படுகை அரிக்கக்கூடிய ஆழத்துக்குக் கீழே போக வேண்டும்.

அடுக்கும் விதம்: ஓரடி கனத்துக்குக் கலவையைப் பரப்பு, மேலே மணலும் வண்டலும் தூவு, ஹோஸால் தண்ணீர் அடித்து இறக்கு, தண்ணீர் இறங்காமல் மேலே தேங்கி, வழிந்து ஓடும்வரை விடாதே. அதன் பிறகுதான் அடுத்த அடுக்கு. மேல் அடுக்கைத் தட்டையாக விட்டால் கோடையில் தண்ணீர் இரண்டு விரல் ஆழத்தில் பரவிவிடும். நடுவில் தாழ்வாக ஒரு சிறு வாய்க்காலும், இரு ஓரங்களிலும் பெருங்கல்லால் கரையும் அமைக்க வேண்டும். அந்தக் கரை மீனுக்கு ஒதுங்க இடம்; வற்றிய நாளில் ரக்கூனும் மானும்கூட அதன்மேல் நடந்து சாலையைக் கடக்கும்.

ஓடையை வற்ற வைத்து வேலை செய்யும் வாரங்கள்

ஓடைக்குள் இறங்க அனுமதி கோடையில் சில வாரங்கள்தான். ஓடைக்கு ஓடை மாறும், பல இடங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை. முட்டையிலிருந்து குஞ்சு வெளிவந்த பிறகும், பெருமீன் ஏறத் தொடங்கும் முன்பும் உள்ள இடைவெளி அது. மாநில மீன் துறையின் நீரியல் அனுமதி, ராணுவப் பொறியியல் படையின் அனுமதி, அழியும் நிலை உயிரினச் சட்டப்படி மத்திய மீன்வளத் துறையின் ஒப்புதல் எல்லாம் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பியூஜெட் சவுண்ட் சினூக் 1999-இலும் ஸ்டீல்ஹெட் 2007-இலும் அந்தச் சட்டப் பட்டியலில் ஏறின.

முதல் வேலை மீனை வெளியேற்றுவது. மேலே தடுப்பு வலை கட்டி, அதற்குக் கீழே இழுவலையை மெல்ல இழுத்துக்கொண்டே வந்தால் மீன் தானாகவே கீழ்நோக்கி நகரும். பிறகு கீழேயும் வலை கட்டி அடைத்து, மிச்சமுள்ளதை இழுவலையாலும் கைவலையாலும் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டும். மின்சாரம் பாய்ச்சி மயக்கிப் பிடிப்பது கடைசி வழி. மத்திய மீன்வளத் துறையின் வரம்புகள் கறாரானவை: மாறுமின்னோட்டம் கூடாது, நீர் வெப்பம் 18 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கூடாது, 100 வோல்ட்டில் தொடங்கி, தண்ணீரின் மின்கடத்து திறனைப் பொறுத்து உச்சம் 1,100, 800 அல்லது 400 வோல்ட். துடிப்பு விநாடிக்கு 30-இல் தொடங்கி 70-ஐத் தாண்டக்கூடாது. பிடித்த மீனைக் காற்றுக் குமிழி விடும் வாளியில் நிழலில் வைத்து, பெரியதைச் சிறியதோடு சேர்க்காமல் கொண்டுபோய் விட வேண்டும். சேர்த்தால் ஒன்று இன்னொன்றின் வயிற்றில் இருக்கும்.

பலர் மறப்பது லாம்ப்ரேயை. விலாங்கு போலிருக்கும் இதன் இளம் உயிர்கள் வண்டலுக்குள் புதைந்து வாழ்பவை. வலையில் சிக்காது. தண்ணீர் வடிந்து மண் காயத் தொடங்கிய சில மணி நேரத்தில் மேலே நெளிந்து வரும். அப்போது ஆள் வாளியோடு நிற்க வேண்டும். எல்லாம் முடிந்தது என்று மதியமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய குழு, மாலையில் நூற்றுக்கணக்கில் சாக விட்டிருக்கும்.

பிறகு மணல்மூட்டையும் பிளாஸ்டிக் தாளும் கொண்டு தடுப்பணை. சரிவு கிடைத்தால் தண்ணீரைத் தானாக ஓடும் குழாயில் திருப்பலாம், அதுதான் நிம்மதி. இல்லாவிட்டால் பம்பு. பம்பின் உறிஞ்சு வாயில் 2.4 மில்லிமீட்டருக்கு மிகாத துளை கொண்ட வலைக்கூடு கட்டாயம். தண்ணீர் வலையை நெருங்கும் வேகமும் தானே சுத்தமாகும் வலைக்கு விநாடிக்கு 0.4 அடி, சாதாரண வலைக்கு 0.2 அடி, அதற்கு மேல் போனால் குஞ்சு வலையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பம்புக்கு ஒரு மாற்றுப் பம்பு, இரவுக்கு ஒரு காவலாள். இரவு இரண்டு மணிக்கு டீசல் தீர்ந்து பம்பு நின்றால், விடிவதற்குள் குழியும் போகும், கீழே ஓடையும் வற்றும்.

குழிக்குள் ஊறிவரும் கலங்கல் தண்ணீரைத் தனியாகப் பிரித்து, மேட்டு நிலத்தில் செடிகளுக்கிடையே விட வேண்டும். ஓடையில் ஒருபோதும் அல்ல. இயல்பான கலங்கல் 50 என்டியு (கலங்கலை அளக்கும் அலகு) வரை இருந்தால் அதற்கு மேல் 5 என்டியு மட்டுமே கூடலாம். விநாடிக்கு 10 கன அடி வரை ஓடும் ஓடையில் 100 அடி கீழே, 10 முதல் 100 கன அடி வரை ஓடினால் 200 அடி கீழே சோதிப்பார்கள். பச்சைக் கான்கிரீட்டைத் தொட்ட தண்ணீர் காரமாகி மீனைக் கொல்லும். மாநிலத்தின் பிஎச் வரம்பு 6.5 முதல் 8.5. ஆகவே அந்த இடத்தில் வார்ப்பதைவிட முன்வார்ப்பு நல்லது; வார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரு வாரமாவது இறுகட்டும்.

குழாயின் இருபுறமும் மண் நிரப்புவது நெடுஞ்சாலைக்காரர்களுக்குக் கைவந்த வேலை: 20 சென்டிமீட்டருக்கு மிகாத அடுக்கு, இருபக்கமும் சமமாக ஏற வேண்டும், ஒரு பக்கம் முந்தினால் தகட்டுக் குழாய் கோணிக்கொள்ளும்.

தண்ணீரைத் திருப்பி விடும் நாளில் அவசரம் ஆகாது. புதுப் படுகையில் முதலில் ஓடும் தண்ணீர் சேறுதான். அதைக் கீழ்முனையில் தேக்கிப் பம்பால் எடுத்துவிட்டு, மறுபடி கொஞ்சம் திறந்து, தெளியும்வரை அதையே செய்ய வேண்டும். ஒரே மூச்சில் திறந்தால் தண்ணீரெல்லாம் புதுப் படுகையை நிரப்பப் போய், கீழே ஓடை சற்று நேரம் வறண்டு, அங்குள்ள மீன் கரை ஒதுங்கும்.

பணமும் வரிசையும்

2022-இல் சட்டமன்றம் போக்குவரத்துத் தொகுப்பில் மீன் வழிக்கு 240 கோடி டாலர் ஒதுக்கியது. கடைசியில் மிஞ்சியிருப்பவை கடினமானவை: அறுபதடி மண்கரைக்கு அடியில் கிடப்பவை, நகர நெடுஞ்சாலைக்கு அடியில் மின்கம்பியோடும் குடிநீர்க் குழாயோடும் பின்னிக் கிடப்பவை. அங்கே செலவு குழாயில் இல்லை. தோண்டுவதிலும் போக்குவரத்தைத் திருப்புவதிலும்தான்.

ஆணை மாநிலத்தின் குழாய்களை மட்டுமே தொடுகிறது. அதே ஓடையில் கீழே கவுண்டியின் (மாவட்டம் போன்ற உள்ளாட்சியின்) குழாயோ ரயில்பாதைக் குழாயோ தனியார் பாதையோ அடைத்திருந்தால், மேலே மாநிலம் கட்டிய பாலத்தைக் கடல் மீன் பார்க்காது. மாநிலம் இதை நீதிமன்றத்தில் வாதமாக வைத்தும் எடுபடவில்லை. ஒருவர் தொடங்கினால்தான் அடுத்தவருக்குத் தூண்டுதல் என்பது நியாயம்தான். ஆனாலும் ஓடையைக் கடலிலிருந்து மேல்நோக்கி வரிசையாகத் திறப்பதே செலவுக்கு ஏற்ற பயனைத் தரும் என்பதில் ஐயமில்லை. 2014-இல் மாநிலம் அமைத்த மீன் தடை நீக்க வாரியம், உள்ளூர் அமைப்புகளுக்கும் தனியாருக்கும் பணம் கொடுத்து இந்த இடைவெளியை அடைக்கப் பார்க்கிறது. 2021 மத்திய உள்கட்டமைப்புச் சட்டமும் குழாய்ப் பாலங்களுக்கு ஐந்தாண்டுகளில் 100 கோடி டாலர் வைத்தது.

வழி திறந்தால் மட்டும் எல்லா ஓடையிலும் மீன் பிழைக்காது என்பதற்கும் அண்மையில் சான்று வந்தது. டயர் ரப்பரிலிருந்து உருவாகும் 6பிபிடி-குவினோன் என்ற பொருள்தான் நகர ஓடைகளில் கோஹோவை முட்டையிடும் முன்பே கொல்கிறது என்று 2020-இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு, புதிய பாலத்தின் மேல் விழும் மழையை நேரே ஓடையில் விடாமல் மணலும் உரமண்ணும் கலந்த வடிகால் பாத்தி வழியாக அனுப்புவது வேலைப் பட்டியலில் ஏறுகிறது.

முதல் குளிர்கால வெள்ளம் வடிந்ததும் மறுபடி லெவல் எடுக்க வேண்டும். குழாய்க்குள் படுகை கொஞ்சம் இடம் மாறியிருந்தால் கவலையில்லை. ஓடை அப்படித்தான் இருக்கும். கான்கிரீட் அடித்தட்டு தெரிகிறதா, ஓரக்கல் சரிந்து நடு வாய்க்கால் சுவரோடு ஒட்டி ஓடுகிறதா, மேல்முனையில் படுகை எதிர்பார்த்ததைவிட ஆழமாக அரிந்திருக்கிறதா என்பவைதான் கேள்விகள். மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் கல் சேர்ப்பதற்கு முன் நீள்வெட்டைத் திரும்ப வரைந்து காரணத்தைத் தேட வேண்டும். வெறுமனே கல் கொட்டினால் அடுத்த வெள்ளம் அதையும் கொண்டுபோகும்.

90 சதவீதக் கணக்கில் சேராமல் ஒத்திவைத்த குழாய்களை அவற்றின் ஆயுள் முடியும்போது மாற்றலாம் என்று ஆணை அனுமதிக்கிறது. அப்போதும் நாலடிக்கு நாலடி என்று அதே அளவில் புதுக் குழாய் வைக்க முடியாது. கரைமட்ட அகலத்தை அளந்துதான் தொடங்க வேண்டும்.